பால் பண்ணை: மாட்டை எண்ணும் முன் தீவன நிலத்தை அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பால் கொள்முதல் விலை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "இரண்டு மாடு, மூன்று மாடு வைத்திருப்பவர்களுக்குக் கட்டுப்படியாகாது, பெரிய பண்ணைகளாக மாறினால்தான் லிட்டருக்கான செலவு குறையும்" என்ற வாதம் கட்டுரைகளிலும் வாசகர் கடிதங்களிலும் வருகிறது. கால்நடை மருத்துவம், தீவனச் சாகுபடி, பால் சொசைட்டி நிர்வாகம் ஆகிய வேலைகளில் இருக்கும் நாங்கள் இதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்கிறோம். மாடு கூடக்கூடச் செலவு சீராக இறங்கிக்கொண்டே போவதில்லை. 3 மாட்டில் கையைக் கடிக்காத தொழில் 10 மாட்டில் நஷ்டமாகிறது. 20-ஐ எட்டிய பிறகுதான் மெல்ல மேலேறுகிறது. கடன் திட்டங்களோ ஆளைக் கொண்டுபோய் நிறுத்துவது பெரும்பாலும் அந்தப் பத்தில்தான். வேளாண், ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு வழியாக நடந்த பால் தொழில்முனைவோர் திட்டத்திலும் 10 மாடு வரை மானியம் என்றே வரம்பு இருந்தது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 400 கிலோ எடையுள்ள கலப்பின மாடு, நாளுக்கு 10 லிட்டர் கறவை. அதற்கு உடல் பராமரிப்புக்கு ஒன்று, ஒன்றரை கிலோ அடர்தீவனமும் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்தது), கறக்கிற ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோவும் சேர்த்துச் சுமார் 5 கிலோ வேண்டும். பசுந்தீவனம் 25 கிலோ, வைக்கோல் அல்லது சோளத்தட்டு 3 கிலோ. அடர்தீவனம் கிலோ 28 ரூபாய், சொந்த நிலத்துப் பசும்புல் கிலோ 2 ரூபாய், வைக்கோல் 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கறவை மாட்டுக்கு நாளுக்கு 208 ரூபாய் ஆகிறது. பால் வற்றிய மாட்டுக்கு அடர்தீவனம் 2 கிலோ, புல் 25 கிலோ, வைக்கோல் 5 கிலோ. அது 136 ரூபாய். ஊருக்கு ஊர் விலை மாறும். அவரவர் விலையைப் போட்டுக்கொள்ளலாம், முறை இதுதான்.

10 மாட்டுப் பண்ணையில் 7 கறவையில், 3 வற்றில் என்றால் நாளுக்கு 70 லிட்டர் பால், 1,864 ரூபாய் தீவனம். லிட்டருக்கு 26 ரூபாய் 60 காசு தீவனத்துக்கே போகிறது. தாது உப்பு, சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்), மருந்து, மின்சாரம் என்று இரண்டரை ரூபாய் சேருங்கள். 10 மாட்டைக் குடும்பம் மட்டும் பார்த்துக்கொள்ள முடியாது. புல் அறுக்க, சாணி வார, கழுவ, கறக்க, சொசைட்டிக்குக் கொண்டுபோக என்று கையால் செய்கிற இடத்தில் ஒரு மாட்டுக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வேலை இருக்கிறது. தங்கி வேலை பார்க்கும் ஒரு குடும்பத்துக்கு மாதம் 25,000 ரூபாய் என்றால் 2,100 லிட்டரில் அது லிட்டருக்கு 12 ரூபாய். ஆக மொத்தம் 41 ரூபாய். ஆவின் கொள்முதல் விலையோ, 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட 3 ரூபாய் ஊக்கத்தொகையையும் சேர்த்துப் பசும்பாலுக்கு 38 ரூபாய். அதுவும் கொழுப்பும் இதர சத்தும் நிர்ணயித்த அளவில் இருந்தால்தான். கொட்டகைக் கடனையும் வட்டியையும் நாங்கள் இன்னும் கணக்கில் எடுக்கவே இல்லை.

அதே ஊரில் 3 மாடு வைத்திருக்கும் வீட்டைப் பாருங்கள். 2 கறவை, 1 வற்று. தீவனமும் இதரச் செலவும் லிட்டருக்கு 30 ரூபாய் அளவில் வரும். வரப்புப் புல்லும், தன் வயல் வைக்கோலும், கடலைக்கொடியும் கையிலிருந்தால் காசாக வெளியே போவது 19 ரூபாய்தான். கூலி ஆள் இல்லை. இதை வைத்துச் சிறு பண்ணைதான் திறமையானது என்று சொல்லிவிடவும் முடியாது. எல்லாவற்றுக்கும் விலை போட்டால் லிட்டருக்கு 8 ரூபாய், மாதம் 4,800 ரூபாய் மிஞ்சுகிறது. அதற்கு நாளுக்கு 4 மணி நேரம் உழைப்பு. மணிக்கு 40 ரூபாய். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்களின் உழைப்பு. அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன: சிறிய பண்ணையின் ரொக்கச் செலவு அவ்வளவு அதிகமில்லை, குடும்ப உழைப்புக்கும் முதலீட்டுக்கும் விலை போடும்போதுதான் பெரிய பண்ணைகள் முந்துகின்றன. நம் ஊர் வீட்டில் அந்த 4 மணி நேரம் விடியற்காலையும் சாயங்காலமுமாகச் சிதறிக் கிடக்கிறது. அந்த நேரத்துக்கு வேறு கூலி வேலை கிடைக்காது. சாணமும் கன்றும் வீட்டுக்கான பாலும் தனி. இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு "சிறு பண்ணை வீண்" என்று எழுதுவது அநியாயம்.

20 மாட்டில் என்ன மாறுகிறது? புல் வெட்டும் இயந்திரம், இரண்டு கேன் பால் கறவை இயந்திரம், தொட்டிக்குத் தானாக வரும் தண்ணீர் ஆகியவை இருந்தால் அதே ஒரு குடும்பம் 20 மாட்டைப் பார்த்துக்கொள்ளும். கூலி லிட்டருக்கு 12-லிருந்து 6 ரூபாயாக இறங்கும். இயந்திரத் தேய்மானம் ஒரு ரூபாய் கூடும். மொத்தம் 36. மிச்சம் 2 ரூபாய், மாதம் சுமார் 8,400. மாடு வாங்கிய கடனுக்கு வட்டி கட்டினால் அதுவும் கரைந்துவிடும். ஆனால் அதே 20 மாட்டில் கறவை சராசரியை 10-லிருந்து 12 லிட்டராக உயர்த்தினால், கூடுதல் தீவனத்தையும் கழித்தபின் லிட்டருக்கு அடக்கம் 32 ரூபாய் 50 காசு. மாதம் 27,000 ரூபாய்க்கு மேல் நிற்கும். அளவு கொடுத்த லாபத்தைவிட மாட்டின் தரம் கொடுத்த லாபம் பெரிது. 30, 50 மாடு வைத்துத் தாக்குப்பிடிக்கும் பண்ணைகள் பலவற்றைப் பார்த்தால், அவற்றைக் காப்பாற்றுவது வீடுகளுக்கும் டீக்கடைகளுக்கும் நேரடியாக ஊற்றும் பால்தான். அது விற்பனைத் திறமை. உற்பத்திச் செலவு குறைந்ததாக அதைக் கணக்கில் எழுதக் கூடாது.

பெரிய பண்ணை எந்த இடத்தில் சறுக்குகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அது சினை பிடிப்பதில்.

மேலே 10-க்கு 7 மாடு கறவையில் என்று வைத்தோம். 14 மாதத்துக்கு ஒரு கன்று என்று ஈன்றால்தான் இந்த விகிதம் நிற்கும். அதுவே 18, 20 மாதமாக இழுத்தால் பாதி மாடு வற்றில் நிற்கும். அப்போது 50 லிட்டர் பாலுக்கு 1,720 ரூபாய் தீவனம். லிட்டருக்கு 34 ரூபாய் 40 காசு. தீவனம் ஒன்றிலேயே கிட்டத்தட்ட 8 ரூபாய் ஏறிவிட்டது. மொத்தமாகத் தீவனம் வாங்கியோ, இயந்திரம் போட்டோ இந்த 8 ரூபாயை ஈடுகட்ட முடியாது.

சினைப்பருவம் தவறுவதற்குக் காரணம் எளிது. கன்று ஈன்று 60 முதல் 90 நாளுக்குள் சினை ஊசி போட்டாக வேண்டும். மாடு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், அறிகுறி இருப்பது 12 முதல் 18 மணி நேரம். வெயில் காலத்தில், அதிலும் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினத்தில், இது இன்னும் சுருங்கி இரவில் வந்து இரவிலேயே போய்விடும். வீட்டில் 3 மாடு இருந்தால் ராத்திரி கத்தினாலே தெரிந்துவிடும். பால் திடீரென்று அரை லிட்டர் குறைந்தால் காலையிலேயே சந்தேகம் வரும். 25 மாட்டைக் கட்டுத்தறியில் வரிசையாகக் கட்டிவைத்தால் பருவத்தைக் காட்டும்படி ஒன்றின் மேல் ஒன்று தாவ வழியில்லை. கண்ணாடிபோல் தொங்கும் வழும்பு சாணியோடு கழுவப்பட்டுவிடும். மாதச் சம்பள ஆள் அதைப் பார்த்துச் சொல்வதில்லை. ஒரு பருவம் தவறினால் 21 நாள் தீவனம் போச்சு. மாடு வற்றில் இருந்தால் அது 2,856 ரூபாய். 25 மாட்டிலும் ஒவ்வொரு பருவம் தவறினால் 70,000 ரூபாயைத் தாண்டும்.

இதற்குத் தீர்வு உண்டு, செலவும் பெரிதல்ல. மாடுகளைக் காலையும் மாலையும் ஒரு மணி நேரமாவது திறந்தவெளியில் அவிழ்த்துவிட வேண்டும். விடியல் 5 மணி, நண்பகல், இரவு 9 மணி என மூன்று வேளையும் 20 நிமிடம் வேறு வேலை எதுவும் செய்யாமல் மந்தையை மட்டும் பார்க்க ஓர் ஆள் வேண்டும். காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலை ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. ஊசி போட்ட தேதி, காளையின் எண், 21-ஆம் நாள் தேதி மூன்றும் நோட்டில் ஏற வேண்டும். ஊசி போட்டு 60-லிருந்து 90 நாளுக்குள் மருத்துவரைக் கொண்டு சினைப் பரிசோதனை செய்ய வேண்டும். "பருவத்துக்கு வரவில்லை, சினையாகத்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிற மாடுகளில் காலியாக நிற்பவை நிறைய. தாது உப்பு நாளுக்கு 30 முதல் 50 கிராம் கொடுக்காத பண்ணையில் இந்த நோட்டை எழுதியும் முழுப் பயன் கிடைக்காது.

அடுத்தது நிலம். கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் ஏக்கருக்கு ஆண்டுக்கு 150 டன் வரை தரும் என்பது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு. நல்ல தண்ணீரும் எருவும் கிடைத்து 45 நாளுக்கு ஒரு அறுப்பு விடாமல் நடந்தால் எட்டக்கூடியதுதான். விவசாயி நிலத்தில் 100 டன் என்று திட்டமிடுவது பாதுகாப்பு. ஒரு மாட்டுக்கு ஆண்டுக்கு 9 டன் வேண்டும். அப்படியானால் ஏக்கருக்கு 10 மாடு என்று தாளில் வரும். ஆனால் அந்த ஏக்கரில் மூன்றில் ஒரு பங்காவது புரதம் மிகுந்த வேலிமசாலோ தட்டைப்பயறோ போட வேண்டும். இல்லையென்றால் புரதம் முழுவதையும் புண்ணாக்கு விலையில் வாங்க வேண்டிவரும். கிடேரிகளும் கன்றுகளும் தின்னும். மே மாதத்தில் போர்வெல் பாதியாக இறங்கும். இதையெல்லாம் கழித்தால் ஏக்கருக்கு 5 அல்லது 6 மாடு என்பதே எங்கள் அனுபவக் கணக்கு. 2 ஏக்கர் பாசனம் உள்ளவர் 20 மாட்டுக் கொட்டகை கட்டினால் பங்குனி, சித்திரையில் வைக்கோலை லாரி வாடகையோடு வாங்கி, பால் இறங்கி, ஆடியில் மாட்டை விற்பார். அப்போது கிடைப்பது வாங்கிய விலை அல்ல.

கோடைக்குச் சைலேஜ், அதாவது காற்றுப் புகாமல் மூடிப் பதப்படுத்திய பசுந்தீவனம், போட்டுவைக்கலாமே என்று கேட்பார்கள். போடத்தான் வேண்டும். இதிலும் அளவு குறுக்கிடுகிறது. மக்காச்சோளத்தைப் பால் பிடித்து மாவு கட்டும் பருவத்தில், ஈரம் 65 முதல் 70 சதவீதம் இருக்கும்போது அறுத்து, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் துண்டாக்கி, காற்றுப் போகாமல் மிதித்து மூடி 45 நாள் வைக்க வேண்டும். 10 மாட்டுக்கு நாளுக்கு 15 கிலோ வீதம் 90 நாளுக்குப் பதிமூன்றரை டன். கனமீட்டருக்கு 550 கிலோ என்றால் 25 கனமீட்டர் குழி போதும். குழியைத் திறந்தபின் முகப்பிலிருந்து நாளுக்கு 15 சென்டிமீட்டராவது வெட்டி எடுக்க வேண்டும். மெதுவாக எடுத்தால் காற்றுப்பட்டுச் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். 3 மாட்டுக்காரருக்கு நாளுக்கு வேண்டியது 45 கிலோ. குழி போட்டால் அவரால் அந்த வேகத்தில் எடுக்கவே முடியாது. அவருக்கு ஏற்றது 50 கிலோ பிளாஸ்டிக் பை. ஒரு நாளுக்கு ஒரு பை; திறந்த பை அன்றே தீர்ந்துவிடும். ஆனால் அப்படி 90 பை அடைக்க இயந்திரம் வேண்டும், அதை 3 மாட்டுக்காரர் தனியாக வாங்க முடியாது.

அடர்தீவனத்திலும் இதே கதை. மூலப்பொருளை மொத்தமாக வாங்கி அரைத்தால் மலிவுதான். 100 கிலோவுக்கு மக்காச்சோளம் அல்லது கம்பு 35, கடலைப் புண்ணாக்கு 20, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு 10, தவிடு 32, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1 கிலோ. விலை குறைகிறதே என்று ஐப்பசி மழைக்கு முன் மூன்று மாதச் சரக்கை இறக்கிவைத்தால் ஈரம் 12 சதவீதத்தைத் தாண்டிப் பூஞ்சை நச்சு ஏறும். அது பாலிலும் வரும். பாலில் அந்த நச்சு, அதாவது அஃப்ளாடாக்சின் எம்-1, கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ஒரு மாதச் சரக்குக்கு மேல் வைக்காதீர்கள், மூட்டையைத் தரையில் படாமல் பலகை மேல் அடுக்குங்கள்.

கறவை இயந்திரம் பற்றி ஒரு எச்சரிக்கை. 8 கறவை மாட்டுக்குக் கீழே அது தேவையில்லை. கழுவுகிற நேரம் கறக்கிற நேரத்தைத் தின்றுவிடும். வாங்கியவர்கள் செய்யும் தவறுகள் இரண்டு. மடியைக் கழுவித் துடைத்துச் சுரப்பு விட்டபின் ஐந்து முதல் ஏழு நிமிடத்துக்குள் கறவை முடிய வேண்டும். ஒரே ஆள் மூன்று மாட்டுக்குச் சேர்த்து மடி கழுவிவிட்டு வந்தால் மூன்றாவது மாட்டுக்குச் சுரப்பு அடங்கிவிடும், மிச்சப்பால் மடியிலேயே நிற்கும். இன்னொன்று, பால் நின்றபிறகும் காம்பில் மாட்டிய கப்பைக் கழற்றாமல் விடுவது. காம்பு நுனி தடித்து மடிநோய் வர அதுவே வாசல். கப்புக்குள் காம்பைப் பிடிக்கும் ரப்பர் லைனர் 2,500 முறை கறக்கத்தான். 14 கறவை மாடு, இரண்டு கேன் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கிழியவில்லை என்று இரண்டு வருடம் ஓட்டுகிறார்கள். கறந்தபின் அயோடின் கரைசலில் காம்பு முக்குவது சில நொடி வேலை. மாடு அரை மணி நேரம் படுக்காமல் இருக்கத் தொட்டியில் புல் போட்டுவைத்தால் போதும்.

நோய்க்கும் அளவு பிடிக்கும். 50 வீட்டில் 3 மாடாக இருக்கும்போது ஒரு கோமாரி மாடு மற்றவற்றைத் தொடுவதற்குள் தடுத்துவிடலாம். ஒரே கொட்டகையில் அந்த வாய்ப்பு இல்லை. சந்தையிலிருந்து வரும் மாட்டை 21 நாள் தனியாகக் கட்ட இடமில்லாமல் யாரும் 10-க்கு மேல் போகக் கூடாது. 10 மாட்டையும் ஒரே வாரத்தில் வாங்கவும் கூடாது. எல்லாம் ஒன்றாகக் கறந்து ஒன்றாக வற்றும். 10-ஆம் மாதம் தவணை கட்டக் காசிருக்காது. ஆறு மாத இடைவெளியில் ஐந்தைந்தாக வாங்க வேண்டும் என்று திட்ட அறிக்கையிலேயே எழுதியிருக்கும். நடப்பது வேறு.

பெரிய அளவால் உண்மையான பயன் எங்கே கிடைக்கிறதென்றால், கொட்டகைக்கு வெளியே. பாலைக் கறந்த மூன்று மணி நேரத்துக்குள் 4 டிகிரிக்குக் கொண்டுவரும் குளிர்விப்புத் தொட்டி கட்டுப்படியாக நிறையப் பால் வேண்டும். அதை 20 மாட்டுப் பண்ணையாலும் நிரப்ப முடியாது. 100 வீட்டுப் பாலைச் சேர்க்கும் சொசைட்டியால் முடியும். சைலேஜ் பை அடைக்கும் இயந்திரம், தீவன அரவை, மூலப்பொருள் கொள்முதல், ஞாயிற்றுக்கிழமையும் இரவிலும் அழைத்தால் வரும் சினை ஊசிப் பணியாளர் எல்லாம் அந்த வகைதான். 1946-இல் குஜராத்தின் கெய்ரா மாவட்டத்தில் தொடங்கிய அமுல் கூட்டுறவு, மாட்டை விவசாயி வீட்டிலேயே விட்டுவிட்டுப் பாலைத்தான் ஒன்று சேர்த்தது. நியூசிலாந்தில் ஒரு மந்தைக்குச் சராசரி 440 மாட்டுக்கு மேல் இருக்கிறது என்றால், அங்கே மாடு தானே போய் மேய்கிறது, புல்லை யாரும் அறுத்துச் சுமப்பதில்லை. அந்த நிலமும் மழையும் நம்மிடம் இல்லை.

எனவே கூட்டுறவுத் துறையும் வங்கிகளும் சில மாற்றங்களை உடனே செய்ய வேண்டும். கடன் விண்ணப்பத்தில் முதல் கேள்வி எத்தனை மாடு என்பதாக இல்லாமல், சித்திரையிலும் தண்ணீர் நிற்கும் தீவன நிலம் எத்தனை ஏக்கர் என்பதாக இருக்கட்டும். ஏக்கருக்கு 6 மாட்டுக்கு மேல் கடன் வேண்டாம். புல் நட்டு முதல் அறுப்பு முடிய 75, 80 நாள் ஆகும். அதற்குப் பிறகே மாட்டுக்கான பணம் விடுவிக்கப்படட்டும். 3 மாட்டுக்காரர் 5 வரை போகக் கடன் கொடுங்கள், அது குடும்ப உழைப்புக்குள் அடங்கும். 5-லிருந்து 10-க்குத் தூக்கும் கடனை, புல் வெட்டும் இயந்திரமும் 20 வரை போக நிலமும் இல்லாதவருக்குக் கொடுக்காதீர்கள். இரண்டாம் தவணை, முதல் 5 மாட்டின் சினைப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தபின் போகட்டும். இயந்திர மானியத்தைத் தனிநபருக்குக் கொடுப்பதைவிட சொசைட்டிக்குக் கொடுத்து, மணிக்கணக்கு வாடகைக்கு விடச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர்கள் மற்றும் பால் உற்பத்தியாளர்கள் சிலர்,
நாமக்கல் மாவட்டம்.